புதுப்பிப்பு: கற்பனைப் பயிற்சி, 6 வாரம் கழித்து

தினமும் இரவில் 10 கிலோமீட்டர் ஓடி முடிப்பதாகக் கற்பனை செய்தும் காலையில் எழவே முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். முடிவை விட்டுவிட்டு வழியைக் கற்பனை செய்யச் சொன்னார் ஒருவர்.

சரி என்று ஆரம்பித்தேன். அலாரம் அடிப்பது, போர்வையை விலக்குவது, ஷூ மாட்டுவது, பாதியில் மூச்சு வாங்குவது, கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி ஓடுவது. அந்த மூச்சு வாங்கும் இடம்தான் முக்கியம். முன்பே மனதில் பார்த்திருந்ததால் நிஜத்தில் வந்தபோது பதறவில்லை.

உளவியல் ஆய்வாளர்கள் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் 1999இல் வெளியிட்ட ஆய்விலும் நல்ல மதிப்பெண் வாங்குவதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, படிப்பதைக் கற்பனை செய்தவர்களே தேர்வில் நன்றாகச் செய்தார்கள்.

நேற்று 6 கிலோமீட்டர் ஓடினேன், நிற்காமல். யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.