அவசரம்: நிரலில் வெப்பநிலை கோடிக்கணக்கில் வருகிறது

பீன்யா_பயிற்சி
வணக்கம். வெப்பக் கடத்தல் சமன்பாட்டை ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையில் (பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது) பைத்தானில் எழுதினேன், எக்ஸ்பிளிசிட் முறைதான், அதாவது பழைய மதிப்புகளிலிருந்தே அடுத்த படியை நேராகக் கணக்கிடுவது. முதல் சில படிகள் ஒழுங்காக வருகின்றன. அப்புறம் எண்கள் எகிறி, 40வது படிக்குள் கோடியைத் தாண்டிவிடுகின்றன. ஆர் மதிப்பு (நேரப்படியையும் கட்ட இடைவெளியையும் வைத்துக் கணக்கிடும் நிலைத்தன்மை எண்) 0.5க்குக் கீழேதான் இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன். திங்கட்கிழமை மேலாளரிடம் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

அல்சூர்வாசி
கம்பியா, தட்டா? என்ன உலோகம்? கட்ட இடைவெளி எவ்வளவு, நேரப்படி எவ்வளவு? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

நிரல்நேசி
பைத்தானின் எண்கணித நூலகமான நம்பையில் "பழையது = புதியது" என்று எழுதினால் நகல் எடுக்காது, இரண்டு பெயரும் ஒரே அணியைத்தான் காட்டும். காப்பி போட்டீர்களா? இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். எனக்கென்னவோ இதுவாகத்தான் தெரிகிறது.

பழைய_ஃபோர்ட்ரான்
தம்பி, அடிப்படையைப் படிக்காமல் நிரல் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். கிராங்க்கும் நிக்கல்சனும் 1947லேயே வழி சொல்லிவிட்டார்கள். இம்ப்ளிசிட்டுக்கு (அடுத்த படியின் புள்ளிகளைச் சமன்பாட்டுத் தொகுப்பாக ஒன்றாகத் தீர்க்கும் முறை) மாறுங்கள், நேரப்படியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பீன்யா_பயிற்சி
காப்பி போட்டிருக்கிறேன் அக்கா. அலுமினியத் தட்டு, 10 செ.மீ. சதுரம், கட்டம் 5 மி.மீ., நேரப்படி 0.1 வினாடி. கீழ் விளிம்பு 100 டிகிரி, மற்ற மூன்றும் 25. தொடக்கத்தில் தட்டு முழுக்க 25.

அல்சூர்வாசி
தட்டு என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 0.5 என்பது கம்பிக்கு, அதாவது ஒரு பரிமாணத்துக்கு. சதுரக் கட்டம் போட்ட தட்டுக்கு வரம்பு 0.25.

கணக்கைப் பாருங்கள். அலுமினியத்தின் வெப்ப விரவல் எண் (வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு) சுமார் 0.000097 சதுர மீட்டர்/வினாடி. அதை 0.1ஆல் பெருக்கி, இடைவெளியின் வர்க்கமான 0.000025ஆல் வகுத்தால் ஆர் 0.39. ஒரு புள்ளியின் புதிய வெப்பநிலை = (1 − 4ஆர்) × அதன் பழைய மதிப்பு + ஆர் × நான்கு அண்டைப் புள்ளிகளின் கூட்டுத்தொகை. உங்களுக்கு 1 − 4ஆர் = −0.55. அதாவது ஒரு புள்ளி இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அடுத்த படியில் அவ்வளவு குளிர்ந்துபோகும் என்று நிரல் சொல்கிறது. உலோகம் அப்படி நடக்காது.

15வது படியில் நிறுத்தி எண்களை அச்சிட்டுப் பாருங்கள். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் ஏறியும் பக்கத்துக் கட்டம் இறங்கியும் இருக்கும். அந்தக் கோலம் ஒவ்வொரு படியிலும் 1 − 8ஆர், அதாவது −2.1 மடங்காகிறது. 40 படியில் கோடி வராமல் என்ன செய்யும்? நேரப்படியை 0.064க்குக் கீழே வையுங்கள், 0.05 போதும்.

பழைய_ஃபோர்ட்ரான்
0.05 என்று ஒட்டுப்போடுவது தீர்வாகாது. நாளைக்குக் கட்டத்தைப் பாதியாக்கினால் நேரப்படி நான்கில் ஒன்றாக வேண்டும், புள்ளிகளும் நான்கு மடங்கு. மொத்த வேலை 16 மடங்கு. பீஸ்மன்–ராக்ஃபர்ட் 1955இல் கொடுத்த ஏடிஐ முறையில் (கிடையாகவும் நெடுக்காகவும் மாறி மாறித் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறை) வரிசை வரிசையாக, அந்தச் சமன்பாடுகளை வேகமாகத் தீர்க்கும் தாமஸ் முறையைப் போட்டு முடித்துவிடலாம்.

வெப்பவலை
சார், கிராங்க்–நிக்கல்சனில் கவலையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எண்கள் வெடிக்காது, சரி. ஆனால் இங்கே விளிம்பில் 25இலிருந்து 100க்கு ஒரே தாவல். நேரப்படி பெரிதானால் அந்த இடத்தில் ஊசலாட்டம் வரும், சீக்கிரம் அடங்கவும் அடங்காது. வெடிக்காமல் இருப்பதும் சரியான விடையும் வேறு வேறு. தொடக்கச் சில படிகளுக்குப் பின்னோக்கு ஆய்லர் (ஊசலாட்டத்தை அடக்கும் எளிய இம்ப்ளிசிட் முறை) போட்டால் அடங்கும்.

பழைய_ஃபோர்ட்ரான்
நேரத் துல்லியம் இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு இறங்கிவிடுமே. எத்தனை வருடமாக இதைச் செய்கிறேன் என்று தெரியுமா?

வெப்பவலை
இரண்டு மூன்று படிக்கு மட்டும் போட்டால் மொத்தத் துல்லியம் கெடாது சார். ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அல்சூர்வாசி
இவருக்கு இரண்டுமே தேவையில்லை. உள்ளே 361 புள்ளிகள்தான். 5 நிமிட வெப்பமாற்றத்துக்கு 0.05 வினாடியில் 6,000 படிகள், மடிக்கணினிக்கு இது பெரிய வேலையே இல்லை. தம்பி, என்ன ஆயிற்று?

பீன்யா_பயிற்சி
0.05 வைத்தேன், ஓடுகிறது. சதுரங்கக் கோலமும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருந்தது. ரொம்ப நன்றி அண்ணா.

பொம்மனஹள்ளி_நித்திரை
இடையில் ஒரு சந்தேகம். மேல் விளிம்பில் வெப்பம் காற்றுக்குப் போவதாக வைத்தால் இந்த வரம்பு மாறுமா?

அல்சூர்வாசி
கொஞ்சம் இறுகும். அந்த விளிம்புப் புள்ளிக்கு ஆர் × (2 + பயோ எண்) 0.5ஐத் தாண்டக் கூடாது. பயோ எண் என்பது விளிம்பிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தை உலோகத்துக்குள் கடத்தப்படுவதோடு ஒப்பிடும் எண். சாதாரணக் காற்றுக்கு வெப்ப மாற்றக் கெழு 10 என்று வைத்தால், அலுமினியத்தில் 5 மி.மீ. கட்டத்துக்குப் பயோ எண் 0.0002தான், கண்டுகொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர்க் குளிர்விப்பு என்றால் கட்டாயம் கணக்குப் போடுங்கள்.