எண்ணூர் சேற்றில் ஐந்து போன்களும் நான்கு மொழிகளும்

பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய்ப் பாடம் நடத்திய அனுபவங்களை ஆசிரியர்கள் பலரும் எழுதுகிறீர்கள். என்னுடையதையும் சொல்கிறேன். நான் சென்னையில் திருவொற்றியூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரோடு எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்வந்தோம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற இடம் எங்களுக்குக் கொஞ்ச தூரம்தான். ஆனாலும் பாதிப் பேர் அதைப் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

என் வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர். மணலிப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்து பேர். இந்த ஐந்து பேரும் வகுப்பில் வாய் திறப்பதே அபூர்வம். பாடம் புரியவில்லையா, பேசக் கூச்சமா என்று எனக்கே பிடிபடாமல் இருந்தது. அவரவர் மொழியிலேயே பதிவு செய்யட்டும் என்று இந்த முறை போன்களை எடுத்துப்போனதற்கு அதுதான் காரணம்.

என்னுடையது, சக ஆசிரியருடையது, பெற்றோர்கள் கொடுத்த பழைய போன்கள் மூன்று. ஆக, ஐந்து. கோபோ கலெக்ட் என்ற இலவசச் செயலியில் ஒரு சின்னப் படிவம் செய்தேன். ஒரே கேள்வியைப் பல மொழிகளில் எழுதி வைக்கலாம். பிள்ளை தன் மொழியைத் தேர்ந்துகொண்டால் போதும். தமிழில் நண்டு என்று தொட்டாலும் இந்தியில் கேக்டா என்று தொட்டாலும் உள்ளே ஒரே குறியீடாகத்தான் பதிவாகும். அதனால் பிறகு எண்ணிப் பார்ப்பது சுலபம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும், பள்ளிக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிவிலும் ஒரு படம், எண்ணிக்கை, அப்புறம் ‘உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்? சொல்லுங்கள்’ என்று ஓர் ஒலிப்பதிவு. எழுதத் தயங்குகிற பிள்ளையும் பெயரைச் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

தண்ணீர் வற்றியிருந்த காலை நேரம். அலையாத்தி மரங்களுக்கு அடியில் சேறு முழுக்கச் சின்னச் சின்ன நண்டுகள். ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருக்குமே, அந்த வகை. நாங்கள் கால் வைத்ததும் அத்தனையும் வளைக்குள் போய்விட்டன. ஒரு பையன் போனை வீடியோவில் போட்டு, செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி வந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், முதல் ஒரு நிமிடம் வெறும் சேறு. பிறகு ஒன்று எட்டிப் பார்க்கிறது, இன்னொன்று வெளியே வருகிறது, பெரிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. பெண் நண்டைக் கூப்பிடத்தான் அப்படி ஆட்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை, பெரிய கை வலதா இடதா என்று ஓடவிட்டும் நிறுத்தியும் எண்ணினார்கள். கண்ணால் பார்த்து இதைச் செய்திருக்கவே முடியாது. நாங்கள் பக்கத்தில் அசைந்துகொண்டே இருக்கும்வரை அவை வெளியே வராது.

பெயர்ப் பதிவில் தமிழ்ப் பிள்ளைகள் ‘ஒத்தக்கை நண்டு’ என்றார்கள். தெலுங்கில் பீத்த, இந்தியில் கேக்டா. ஒடிசாப் பெண் மெதுவாக ‘கங்கடா’ என்றாள். “மிஸ், எங்க வீட்டு காலண்டர்ல கடக ராசிக்கு நண்டு படம்தானே போட்டிருக்கு?” என்று ஒருத்தி கேட்டாள். கர்க்கடகம் என்ற ஒரே சொல்தான் கேக்டாவாகவும் கங்கடாவாகவும் கடகமாகவும் ஆகியிருக்கிறது என்று சொன்னேன். அந்த ஒடிசாப் பெண் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் எல்லாமே நன்றாகப் போய்விடவில்லை. ஒருத்தி மட்டியைப் பொறுக்கினாள். மட்டி ஒரு வகைச் சிப்பி. பீகார் பையனுக்குச் சொல்வதற்காக மொழிபெயர்ப்புச் செயலியில் “மட்டி” என்றாள். போன் சத்தமாக “மூர்க்” என்றது. முட்டாள் என்று அர்த்தம். தமிழில் மட்டி என்றால் மந்தமானவன் என்றும் பொருள் உண்டே, அதை எடுத்துக்கொண்டுவிட்டது. தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் பதறிப்போய் மட்டியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். பார்த்ததும் “சீப்பி!” என்றான். ஊரில் சிப்பி ஓட்டைத் தரையில் தேய்த்து நடுவில் ஓட்டை போட்டு, அதில் மாங்காய்த் தோல் சீவுவார்களாம். “மாங்கா… தோலு… இப்டி” என்று கையால் சீவிக் காட்டினான். அந்த இடத்திலேயே மொழிபெயர்ப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதலில் பொருள் கைக்கு வரட்டும், பெயர் பிறகு. இனி எப்போதும் இப்படித்தான் செய்யப்போகிறேன்.

காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் எங்களோடு வந்தார். சேற்றின் மேல் கறுப்பாகப் பாய் விரித்த மாதிரி ஒட்டிக் கிடந்ததைக் காலால் தட்டி, “இதாம்மா காக்கா ஆழி. இது வந்தப்புறம் மஞ்ச மட்டியும் போச்சி, எறாவும் போச்சி” என்றார். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு வகைச் சிப்பி இது. கப்பல்கள் நிலையாக மிதக்க அடித்தளத்தில் நிறைத்து வருகிற தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். சேற்றை இது மூடிவிட்டால் இறால் எங்கே புதையும்? அவர் பேசியதைப் பிள்ளைகள் 12 நிமிடம் பதிவு செய்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படிந்ததைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. எழுதி எடுத்திருந்தால் அந்தக் குரல் எங்களிடம் இருந்திருக்காது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது, துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் பார்த்தோம். மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் போட்டாலும் தொடுதிரை வேலை செய்யும், ஆனால் பேசும்போது வெளியே எடுங்கள். கடற்காற்று இரைச்சலில் எங்கள் பதிவுகளில் பாதி வீண். ஒலிவாங்கியைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினால் பரவாயில்லை. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கவில்லை, பெயரையும் சேர்க்கவில்லை. பெற்றோரிடம் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டோம்.

காக்கா ஆழிக்கு ஒடியாவில் பெயர் தெரியாமல் அந்த ஒடிசாப் பெண் பதிவைக் காலியாக விட்டிருந்தாள். அன்று இரவு சிலிக்கா ஏரிக்கரையில் இருக்கிற பாட்டிக்கு அம்மா போனிலிருந்து பேசியிருக்கிறாள். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்று, “மிஸ், சாமுகா” என்றாள். பாட்டி சொன்னதைப் பதிவு செய்தே கொண்டுவந்திருந்தாள்.

தெலுங்கில் அந்த இடம் இன்னும் காலிதான். ஆந்திர எல்லையில் இருக்கிற பழவேற்காடு பக்கம் யாருக்காவது தெரிந்தால், அங்கே இருக்கிற ஒருவரைச் சொல்லச் சொல்லி ஒலியாகவே அனுப்புங்கள்.