இதயக் கருத் தகைப்புப் பரிசோதனை: வேறு சொல் உண்டா?

மொழிபெயர்ப்பாளர், திருகோணமலை:
கிளினிக்கிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்படும் இதய நோயாளிகளுக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதன் தலைப்பு 'இதயக் கருத் தகைப்புப் பரிசோதனை', ஆங்கிலத்தில் 'நியூக்கிளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்': இதயத்தை உழைக்கவைத்து, கதிரியக்க மருந்து ஏற்றிப் படமெடுக்கும் சோதனை. கரு என்றால் அணுக்கரு, தகைப்பு என்றால் ஸ்ட்ரெஸ்; பாடநூல் வழக்குப்படி சரிதான். வாசித்துப் பார்த்த அம்மா ஒருவரோ, "இந்த வயதில் எனக்கு எதற்குக் கருப் பரிசோதனை?" என்று கேட்டுவிட்டார்.

தமிழாசிரியர் (ஓய்வு), உப்புவெளி:
கருவை விடுங்கள், தகைப்புத்தான் பெரிய வழக்கு. தகை என்றால் அழகு. குறளின் 109ஆம் அதிகாரம் தகையணங்குறுத்தல். தகைத்தல் என்றால் தடுத்தல். இங்கே இதயத்தை அழகுபடுத்தவுமில்லை, தடுக்கவுமில்லை, வருத்துகிறார்கள். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவரே வழிகாட்டியிருக்கிறார். 'இதய வருத்தச் சோதனை' என்க.

தாதி:
ஐயா, நம் ஊரில் வருத்தம் என்றால் நோய். ஈ.சீ.ஜி.யும் இதய வருத்தச் சோதனைதானே! 'கரு' கட்டாயம் போக வேண்டும். கருவுற்றிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்ற வரியும் அதே தாளில் இருக்கிறது.

பௌதிகவியல் ஆசிரியர்:
தகைப்பு என்பது அலகுப் பரப்பில் தாக்கும் விசை. தமிழகத்தார்போல 'அழுத்தம்' என்றால் பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று நினைப்பார்கள். 'அணு' என்றாலோ குண்டுதான் நினைவுக்கு வரும். உண்மையில், ஏற்றப்படும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம்மின் அரைவாழ்வுக்காலமே, அதாவது அது பாதியாகக் குறையும் காலமே, சுமார் 6 மணித்தியாலம்தான்.

சோதனைக்குப் போய்வந்தவர், நிலாவெளி:
'ஓட்டச் சோதனை' என்று எழுதலாமே? ஓடுபொறியின் சரிவை 3 நிமிடத்துக்கொருமுறை கூட்டினார்கள். கோணேசர் கோயில் ஏற்றம் முடியவே முடியாததுபோல இருந்தது. மூச்சு வாங்கும் வேளையில் கையிலிருந்த குழாய் வழியே அந்தக் கதிரியக்க மருந்தை ஏற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் நடவுங்கள்" என்றார்கள். பிறகு கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கமராவின் கீழ் அசையாமல் கிடக்க வேண்டும். ஓய்விலும் உழைப்பிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, இதயத் தசையில் எங்கே குருதி குறைகிறது என்று பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய துன்பம், முதல்நாளிலிருந்தே தேநீர் இல்லை.

தாதி:
முழங்கால் நோவுள்ளவர் ஓட மாட்டாரே, அண்ணன். அவர்களுக்கு நாளங்களை விரிக்கும் மருந்து கொடுக்கிறார்கள். தேநீர், கோப்பி, சொக்லேட்டில் உள்ள கஃபீன் அந்த மருந்தை மறித்துவிடும். தலைப்பு எதுவானாலும் இந்தத் தடை முதல் வரியில் பெரிய எழுத்தில் வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'இதயப் பளுச் சோதனை, ஊசிமருந்துப் படத்துடன்'?

தமிழாசிரியர்:
பளுவின் வேரில் எனக்கு ஐயம். 'பொறை' இருக்கிறதே! சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். கமராவின் கீழ் கிடப்பவருக்கு இரண்டுமே பொருந்தும். பொறையுடைமை அதிகாரத்தில்...

தாதி:
ஐயா, அச்சகத்தார் இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் பளுவுக்கு, ஒருவர் பொறைக்கு. பளுவையே அனுப்புகிறேன்.

பௌதிகவியல் ஆசிரியர்:
என் வாக்கை யார் பளுவில் சேர்த்தது? உயர்தர வினாத்தாளில் இன்னும் தகைப்புத்தான். பிள்ளைகள் கேட்டால் இந்தக் குழுவுக்கே அனுப்பிவைப்பேன்.