பழைய சர்வரில் ஒரு டிஸ்க் அடிக்கடி கழன்றுகொள்கிறது, போர்டு போய்விட்டதா?

மண்டபம் கடை:
வணக்கம். மண்டபத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறோம். போட்டுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், ஐஸ், டீசல் பற்று எல்லாம் ஒரு பழைய டவர் சர்வரில்தான் இருக்கிறது. 2013 வாக்கில் வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஜியான் இ3 பிராசசர், டிடிஆர்3 இசிசி ரேம் (சிறு பிழையைத் தானே திருத்தும் வகை) 8 ஜிபி இரண்டு, 1 டிபி டிஸ்க் இரண்டு, லினக்ஸில் மென்பொருள் ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் பதியும்).

இரண்டாவது டிஸ்க் ரெய்டிலிருந்து தானாகக் கழன்றுகொள்கிறது. திரும்பச் சேர்த்தால் சில நாள் ஓடும், மறுபடி அதே கதை. கரண்ட் போய் வந்தால் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. முன்பக்க விளக்கு வேறு ஆரஞ்சில் மினுக்குகிறது. பார்க்க வந்தவர் "போர்டு அவுட், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தடைக்காலம், ஜூன் 14 வரை ஏலம் கிடையாது. அதற்குள் சரிசெய்ய வழி உண்டா?

கீழக்கரை:
போர்டைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் போடுங்கள். கழலும் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) 5, 197, 198, 199 ஆகிய வரிகளில் என்ன எண் இருக்கிறது? ஆரஞ்சு விளக்கு பற்றி நிகழ்வுப் பதிவு என்ன சொல்கிறது? அப்புறம், ஏசி உண்டா?

மண்டபம் கடை:
5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199-இல் 1,846, அது ஏறிக்கொண்டே போகிறது. பதிவில் பி1 ஸ்லாட் மெமரியில் திருத்தக்கூடிய பிழை என்று வரிசையாக வருகிறது. ஏசியை 18-இல் வைப்போம் பாய். ராத்திரி கடை பூட்டும்போது ஏசி, சர்வர் இரண்டையும் நிறுத்திவிடுவோம். ஜன்னலைத் திறந்தால் கடல்.

கீழக்கரை:
அப்படியானால் டிஸ்க் நல்ல டிஸ்க்தான். உள்ளே சுழலும் தட்டு கெட்டிருந்தால் 5-உம் 197-உம் ஏறியிருக்கும். 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைவதன் கணக்கு. கேபிள் அல்லது கனெக்டர். புது சாட்டா கேபிள் போடுங்கள். பழைய எண் குறையாது, அது அப்படியேதான் நிற்கும். அதற்கு மேல் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். தேதி போவது போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததால். புதியது 3 வோல்ட் காட்ட வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் கணக்கு முழுவதையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, திறந்து பார்த்துவிடுங்கள். ரெய்டு 1 இருப்பதால் பேக்கப் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் அதே நொடியில் அழியும்.

டவுன் சர்வீஸ்:
ரேமைக் கழற்றி பென்சில் ரப்பரால் நன்றாகத் தேய்த்துப் போடுங்க. நான் எப்பவும் அதுதான் செய்வேன்.

கீழக்கரை:
வேண்டாம். அதன் தங்கப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. தேய்த்தால் இன்றைக்கு ஓடும். நம் கடல்காற்றில் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே தெரிந்தால் அடுத்த வாடைக்குள் மறுபடி பச்சை பூக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கித் துடையுங்கள்.

பாம்பன் ஒயர்லெஸ்:
தம்பி, நான் படகு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், ஒயர்லெஸ் பார்க்கிறவன். பாய் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். எண்ணெய்ப் பிசுக்கு ஆல்கஹாலில் போகும், உப்பு போகாது. உப்பு தண்ணீரில்தான் கரையும். 99 சதவீதத்தை ஊற்றித் துடைத்தால் உப்பை இங்கிருந்து அங்கே தள்ளியதுதான் மிச்சம்.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கும். பவர் கார்டையும் சிஆர்2032-வையும் எடுத்துவிட்டு, பஞ்சு ஒட்டாத துணியை அதில் நனைத்துப் பிழிந்து ரேம் கால், டிஸ்க் கனெக்டர் துடையுங்கள். வெள்ளையாகப் பொடி, ஓரத்தில் பச்சை தெரிகிற இடத்தில் மெல்லிய பிரஷ். அதன்பிறகு ஆல்கஹால், அது மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் காயட்டும். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கார்டைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் இருக்கும்.

புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப் பிடிக்காமலிருக்க பாலிசிலாக்சேன் பெயின்ட் அடித்தார்கள். உங்கள் பெட்டிக்கு இருப்பது வெறும் துத்தநாகப் பூச்சு!

கீழக்கரை:
அண்ணன் சொல்வது சரி, தண்ணீர்தான் முதலில். அதோடு ஏசியையும் மாற்றுங்கள். நம் பக்கம் மே மாதக் காற்று 25 டிகிரியை ஒட்டிய இரும்பைத் தொட்டாலே வியர்க்கும். நீங்கள் 18-இல் குளிரவைத்துவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திக் கதவைத் திறக்கிறீர்கள். போர்டில் படிந்த உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் கட்டும். பிறகு காலையில் அதற்குக் கரண்ட் கொடுக்கிறீர்கள். ஏசியை 26-இல் வையுங்கள். சர்வருக்குள் போகும் காற்று 27 வரை இருக்கலாம் என்பதுதான் டேட்டா சென்டர்களுக்கு ஆஷ்ரே என்ற ஏசி பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. சர்வரை ராத்திரியும் ஓடவிடுங்கள், அதன் சூடே உள்ளே ஈரம் படியாமல் பார்த்துக்கொள்ளும். கரண்ட் பில் கொஞ்சம் கூடும், போர்டு விலைக்கு அது பரவாயில்லை.

மண்டபம் கடை:
எல்லாம் செய்தாயிற்று. பழைய கேபிளின் வாயில் உள்ளபடியே பச்சை கட்டியிருந்தது, ஒரு முனைக் கம்பி பாதி கரைந்தே போயிருந்தது. புதுக் கேபிளுக்குப் பிறகு 199 அசையவில்லை, டிஸ்க்கும் கழலவில்லை. தேதி நிற்கிறது. ஆனால் ஆரஞ்சு விளக்கு போகவில்லை. இரண்டு ரேமையும் இடம் மாற்றிப் போட்டால் பிழை இப்போது ஏ1-இல் வருகிறது.

பாம்பன் ஒயர்லெஸ்:
ரேமோடு சேர்ந்து பிழையும் இடம் மாறுகிறது என்றால் ஸ்லாட் நல்லது, ரேம்தான் போச்சு.

கீழக்கரை:
ஆமாம். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: உங்கள் இ3 பிராசசருக்கு இசிசி யூடிம் வகை ரேம்தான். பழைய சாமான் கடையில் ஆர்டிம் என்ற இன்னொரு வகையை மலிவாகத் தருவார்கள், ஸ்லாட்டில் அழகாக உட்காரவும் செய்யும், ஆனால் மெஷின் எழும்பாது. லேபிளில் பிசி3-12800-க்குப் பக்கத்தில் இ என்று இருந்தால் வாங்குங்கள், ஆர் என்றால் விட்டுவிடுங்கள்.

மண்டபம் கடை:
சரி பாய், இ போட்டது. மதுரையில் தேடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கெட்டதைக் கழற்றி 8 ஜிபியில் ஓட்டலாமா?

கீழக்கரை:
தாராளமாக. உங்கள் கணக்குக்கு அதுவே அதிகம்.