இழை: நீரடிப் பற்றவைப்பின் ‘சோர்வு வலிமை’ – வேறு சொல் உண்டா?

பாலிடெக்னிக் ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இறுதியாண்டு மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு தயாரிக்கிறேன். திங்கள்கிழமை காலை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். தலைப்பு: எஃகுக் கட்டமைப்புகளில் நீரடிப் பற்றவைப்புகளின் (பற்றவைப்பு என்றால் வெல்டிங்) சோர்வு வலிமை. தலைப்பிலேயே இடறி நிற்கிறேன்.

ஒரே அடியில் ஒடிக்க முடியாத சிறு சுமை லட்சக்கணக்கான முறை வந்து போய், விரிசல் பிறந்து வளர்ந்து, ஒருநாள் எஃகு ஒடிகிறது. இதைச் சோர்வு என்கிறோம். போன வருடம் ஒரு மாணவன், “மேடம், ரெஸ்ட் கொடுத்தால் சரியாகிவிடுமா?” என்று கேட்டான். தவறு அவனுடையது இல்லை, சொல்லுடையது. சோர்ந்தவர் தூங்கி எழுந்தால் தெளிகிறார். எஃகில் விழுந்த விரிசல் எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் மூடாது.

அப்புறம், சோர்வு வலிமை என்பதைச் சோர்வினுடைய வலிமை என்றும் படிக்கலாம். 20 லட்சம் சுழற்சி (சுமை ஒருமுறை வந்து போவது ஒரு சுழற்சி) வரை எவ்வளவு தகைவு வீச்சை, அதாவது உள்ளே எழும் விசைச்செறிவின் ஏற்ற இறக்கத்தை, தாங்கும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, இரண்டாவது ஐயம் வேண்டாம். அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சோர்வைத் தாங்கும் வலிமை என விரியும். கொசுவலையைக் கொசு பின்னிய வலை என்று யாரும் படிப்பதில்லை.

முதல் ஐயம் நியாயமானது. சோர் என்பதன் அடிப்பொருளே நழுவுதல், ஒழுகுதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது என்கிறோம். உடைதல் அங்கே இல்லை. அயர்வு எனலாம் என்றால், விழா அயர்தல், வெறி அயர்தல் என்று சங்கப் பாடல்கள் அச்சொல்லைக் கொண்டாட்டத்துக்கும் கொடுத்துவிட்டன. எனக்கு ‘இறு’ என்ற வேர் பிடிக்கிறது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் ஒடிவது வண்டியின் அச்சு. ஜெர்மனியில் வோலர் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டதும் ரயில் அச்சுகள் ஒடிந்ததை ஆராய்ந்துதான். கயிறு இற்றுப்போச்சு என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ‘இறல்’ என்று வைத்தால் என்ன?

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுதியது:

ஐயா, அந்தக் குறளில் அச்சு ஒடிவது மிகைச் சுமையால். ‘சால மிகுத்துப் பெயின்’ என்று அடுத்த அடியே சொல்லிவிடுகிறது. இங்கே சுமை மிகுவதில்லை, திரும்பத் திரும்ப வருகிறது. பொருந்தும் உவமை நற்றிணை 284-இல் இருக்கிறது: இரண்டு களிறுகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் ‘தேய்புரிப் பழங்கயிறு’. புலவரின் இயற்பெயர் மறைந்து அந்தத் தொடரே அவர் பெயராகிவிட்டது. புரி புரியாக விட்டுக்கொண்டே வந்து கடைசிப் புரியும் அறுவதுதானே நம் பொருள்?

ஆகவே ‘நைவு’ என்கிறேன். நைந்த துணி ஓய்வு கொடுத்தால் புதிதாகாது. நைவுத் தாங்குதிறன்: உணவுப் பொருள் போல ஒற்று மிகும். 1854-இல் ஆங்கிலப் பொறியாளர் பிரெய்த்வெயிட் உலோகத்தின் களைப்பு என்று தம் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். மனித உடம்பிலிருந்து அவர்கள் எடுத்த உருவகத்தை நாமும் சுமக்க வேண்டுமா?

வெல்டிங் ஆய்வாளராக இருந்தவர் எழுதியது:

இலக்கணம் எனக்குத் தெரியாது, பட்டறை தெரியும். நைவு என்றால் மாணவன் மனதில் மெத்தென்று ஆவதுதான் வரும். நைய வேகவைப்பது என்கிறோமே. தண்ணீருக்குள் டைவர் ராடு பிடித்து வெல்டு அடிக்கும்போது நடப்பது நேர் எதிர். சுற்றியுள்ள நீர் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிட, பற்றையொட்டிய எஃகு கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நீர் பிரிந்து வரும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து விரிசல் உண்டாக்கும். வாயு வெளியேற நேரமில்லாமல் துளைகள் தங்கிவிடும். ஆழம் கூடினால் துளையும் கூடும். அலை வந்து விரிசலைத் தொடங்கி வைக்க வேண்டியதே இல்லை, வளர்த்தால் போதும்.

இற்றுப்போதல் என்றால் துரு என்று எடுத்துக்கொள்வார்கள். துரு தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். எத்தனை சுழற்சிக்கு எவ்வளவு தகைவைத் தாங்கும் என்று காட்டும் வரைகோடுதான் எஸ்-என் கோடு. காற்றில் எஃகின் எஸ்-என் கோடு ஒரு மட்டத்தில் படுத்துவிடும். பாதுகாப்பில்லாமல் கடல்நீரில் நின்றால் படுக்காது, இறங்கிக்கொண்டே போகும். இரண்டையும் ஒரு சொல்லில் போட்டுக் குழப்பாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நீரடிப் பற்றவைப்பு என்றால் நீருக்கடியில் வைத்த பற்றா, நீருக்கடியில் இருக்கும் பற்றா? 1980 மார்ச் 27 அன்று வடகடலில், நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலண்ட் மிதவைமேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். தொடக்கம், நீருக்கடி ஒலிவாங்கியைத் தாங்கும் சிறு குழாயை மேடையின் தாங்குகுழாயோடு சேர்த்த 6 மில்லிமீட்டர் பற்று. அது கட்டும் தளத்தில், காற்றில் வைத்த பற்று. நின்றது மட்டும் கடலுக்குள். டைவர் உள்ளே இறங்கி வைக்கும் பற்றின் குறைகள் வேறு, தாங்கும் அளவு வேறு. சோர்வா நைவா என்பதில் பிழைத்தால் மதிப்பெண் போகும். இதில் பிழைத்தால் ஆள் போகும்.

தமிழாசிரியர்:

ஐயா சொன்னது சரி. தொகையை விரித்து எழுதிவிடலாம்: நீருக்குள் இட்ட பற்றவைப்பு, நீருக்குள் நிற்கும் பற்றவைப்பு. கூண்டு அமைத்து நீரை வெளியேற்றிச் செய்வதை உலர் பற்றவைப்பு என்றும், நேரே நீரிலேயே செய்வதை ஈரப் பற்றவைப்பு என்றும் பிரிக்கலாம். ஈரப்பற்று என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அது மண்ணுக்கும் சுவருக்கும் ஏற்கெனவே உள்ள சொல்.

இறலை நான் இன்னும் கைவிடவில்லை. வண்டிப்பட்டறையில் அச்சு ஒடிவதற்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் சோர்வுக்கு ஒன்பது பேர், நைவுக்கு நான்கு பேர். தேர்வுத் தாளிலும் சோர்வு என்றே வருவதால் அதையே வைத்துக்கொள்கிறேன். தலைப்பு: எஃகுக் கட்டமைப்புகளில் நீருக்குள் இட்ட ஈரப் பற்றவைப்புகளின் சோர்வுத் தாங்குவலிமை. நீளம்தான், ஆனால் ஐயமில்லை. இந்தச் சோர்வு ஓய்வால் தீராது என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். வகுப்பில் ஆளுக்கொரு கட்டுக்கம்பி கொடுத்து முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கச் சொல்லப்போகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

பெரும்பான்மையை ஏற்கிறேன், காரணத்தை ஏற்கவில்லை. தேர்வுத் தாளில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. என் சொல்தொகுப்பில் நைவு என்றே போடுவேன்.

ஆய்வாளர்:

அம்மா, ஒன்று விட்டுப்போச்சு. விரிசல் பெரும்பாலும் பற்று முடிந்து தகடு தொடங்கும் கோட்டில்தான் பிறக்கும். உறுதி கூடிய எஃகைப் போட்டாலும் அந்த இடத்தில் பெரிய பலன் இருக்காது. அங்கே கிரைண்டிங் செய்து மழுக்கினால் ஆயுள் கூடும். பட்டறையில் அதை ‘டோ’ என்கிறோம். கால்விரல் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஓரம் என்பதா, விளிம்பு என்பதா? திங்களுக்குள் முடியுமா?