புதுப்பிப்பு: அம்மாவின் டி.எஸ்.எச். இறங்கிவிட்டது

தைராய்டு மாத்திரையை 75-லிருந்து 100 மைக்ரோகிராமாக ஏற்றியும் அம்மாவுக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்காமல் 8.6-லேயே நிற்கிறதே, ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, “மாத்திரையோடு வேறென்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள்” என்ற யோசனைதான். காலையில் கூடவே இருந்து பார்த்தேன். தைராய்டு மாத்திரை, கையோடு கால்சியம் மாத்திரை, இரண்டுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் ஃபில்டர் காபி! கால்சியம், தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சின் ஹார்மோனைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காபியும் உறிஞ்சலைக் குறைக்கும். ரத்தத்தில் தைராக்சின் போதாவிட்டால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி இன்னும் அதிகமாக டி.எஸ்.எச். சுரந்து தைராய்டை விரட்டும். நாங்கள் பார்த்த 8.6 அதுதான்.

அப்புறம் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியம் இரவில் என்று மாற்றினோம். தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் அவசரப்படாமல் ஏழு வாரம் கழித்துச் சோதித்தோம்.

எதிர்பாராதது: டி.எஸ்.எச். 0.2! 100 இப்போது முழுசாக உள்ளே போனதில் மருந்தின் அளவு மிஞ்சிவிட்டது. அம்மாவுக்குப் படபடப்பும் இருந்தது. மருத்துவர் மறுபடி 75 ஆக்கினார். இப்போது 2.4. நேரத்தை மாற்றுகிறவர்கள் மறுசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.