லான்ட் குரூசர் 100: ஏஎச்சியைக் கழற்றிச் சாதாச் சொக் போடலாமா?

நிலாவெளி_படகு
வணக்கம். வாகனம் 2001 லான்ட் குரூசர் 100, டீசல், யப்பான் இறக்குமதி, தொழிற்சாலையிலேயே ஏஎச்சி (ஓயில் அழுத்தத்தால் வாகன உயரத்தை ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷன்) பூட்டி வந்தது. இரவு நிறுத்தினால் விடியும்போது பின்பக்கம் குந்தியிருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் மெல்ல எழும்பும். பின் வலது ரயருக்கு மேலே சசியோடு ஓடும் இரும்புக் குழாய் துருவேறிக் கசிகிறது. சின்னக் குழிக்கும் முன்பக்கம் டக்கென்று அடிக்கிறது.

வேலை என்னவென்றால், நிலாவெளிக் கரையில் படகு ட்ரெய்லர் இறக்குவதும் ஏற்றுவதும், இடைக்கிடை ஹபரணை வழியாகக் கொழும்பு. படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 900 கிலோ வரும். "நாலு சொக்கை மட்டும் மாத்துங்கோ, ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு கராச்சில் சொல்கிறார்கள். அது போதுமா?

உவர்மலை_ஸ்பனர்
போதாது தம்பி. ஏஎச்சி வாகனத்தில் சொக் மாதிரித் தெரிவது உண்மையில் பாரம் தாங்கும் சிலிண்டர். வாகனத்தின் எடையில் ஒரு பங்கை ஸ்பிரிங்கும் மிச்சத்தை அந்த ஓயில் அழுத்தமும் சுமக்கின்றன. அதனால்தான் டொயோட்டா இந்த மொடலுக்குப் பின்னால் மென்மையான கொயில் ஸ்பிரிங்கும் முன்னால் மென்மையான ரோர்ஷன் பாரும் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு) போட்டது. சாதாச் சொக் ஆட்டத்தை அடக்குமே தவிர எடையைத் தூக்காது. சொக்கை மட்டும் மாற்றினால் நாலு மூலையும் பம்ப் ஸ்ரொப்பில் (கடைசியில் முட்டும் றபர்க் கட்டை) குந்தும். கராச்காரர் ஸ்பிரிங் உடையவில்லை என்பதைச் சொல்கிறார், அது வேறு கதை.

கழற்ற முதல் ஒரு சோதனை செய்யுங்கோ, காசு செலவில்லை. சமதரையில், எஞ்சின் ஓட, உயரத்தை "எல்"லுக்கு (ஆகத் தாழ்ந்த நிலை) இறக்கி, ஏஎச்சி ஓயில் தாங்கியில் மட்டத்தைக் குறியுங்கோ. பிறகு "எச்"சுக்கு (ஆக உயர்ந்த நிலை) ஏற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கோ. தாங்கியில் கோடுகள் இருக்கும். புதுக் குளோப் (நைதரசன் அடைத்த உருண்டை, அடியை வாங்குவது அதுதான்) என்றால் வித்தியாசம் 14 கோடு அளவு. 7 அல்லது அதற்குக் கீழே என்றால் குளோப்புக்குள் இருக்கும் நைதரசன் பெரும்பாலும் போய்விட்டது, அந்த அடிக்கு அதுதான் காரணம். 10க்கு மேலே வந்தால் குளோப் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்படி வந்தால் கழற்றச் சொல்லமாட்டேன். இருபது வருடக் கொயில் தளர்ந்துபோக, அந்த எடையும் ஓயில் மேல் ஏறுகிறது. அழுத்தம் கூட ஓட்டம் கடினமாகிறது. முன் ரோர்ஷன் பாரைக் கொஞ்சம் முறுக்கி, பின் கொயிலுக்குப் புதிது போட்டு அல்லது ஸ்பேசர் வைத்து, கசியும் குழாயை மட்டும் மாற்றினால் பல வாகனங்கள் பழையபடி மெத்தென்று ஓடும்.

நிலாவெளி_படகு
பார்த்தேன் அண்ணை, 5 கோடுதான் வருகிறது. இன்னும் இரண்டு இடத்தில் குழாய் உப்பிப்போய் உரிகிறது. கழற்றுவது என்றே வைத்துக்கொள்வோம். என்னென்ன சாமான், எந்த ஒழுங்கில்?

கந்தளாய்_4x4
நாலு குளோப், குழாய்கள், ஓயில் எல்லாம் சேர்த்தால் கடற்கரை வாகனத்துக்குக் கட்டாது. கழற்றுவதே சரி.

ஏஎச்சி இல்லாத 100க்கு உரிய பின் கொயில் 2, முன் ரோர்ஷன் பார் 2, சொக் 4, ஒவ்வொரு சொக்குக்கும் மேல் புஷ்சும் வாஷரும் நட்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஏஎச்சி சிலிண்டரின் மேல் பூட்டுச் சாமானை நம்பவேண்டாம், சொக் வாங்கும்போதே செற்றாக வாங்குங்கோ. கொயில் உயரத்தில் ஆசைப்படாதீர்கள். முன்னுக்கு 25, 30 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்றினால் சீவி ஜொயின்ற் (முன் சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கும் மூட்டு) கோணமும் கெடும், சக்கரம் கீழிறங்க இடமும் குறையும், சொக் மேலே முட்டும்.

பழைய உயரம் இருக்கும்போதே "என்" (சாதாரண உயரம்) நிலையில் சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கோ. முன் 50, பின் 52 சென்ரிமீற்றர் அளவில் வரும். துருபிடித்த எல்லாப் போல்டுக்கும் முதல்நாளே துரு இளக்கும் ஓயில் விட்டு வையுங்கோ.

அழுத்தம் எடுப்பதுதான் ஆபத்தான கட்டம். "எல்"லுக்கு இறக்கி எஞ்சினை நிறுத்தி, சசிக்குக் கீழே ஜக் ஸ்ராண்ட் போட்டு, ரயரை அகற்றிய பிறகே ஓயில் வடிக்கும் நிப்பிளில் கைவைக்கவேண்டும். உள்ளே 60 பார் அளவில் ஓயில் நிற்கும். தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கோ. நாலு மூலையும் அப்படித்தான். ஸ்ராண்ட் இல்லாமல் இளக்கினால் வாகனம் கீழே இருப்பவர் மேல் இறங்கும். குளோப்பை வெட்டவோ சூடாக்கவோ கூடாது, ஓயில் போனாலும் மிச்ச நைதரசன் உள்ளே நிற்கும்.

பின்பக்கம் சுலபம். அச்சை ஜக்கில் தாங்கிக்கொண்டு சிலிண்டரையும் ஸ்வே பார் (வளைவில் சாய்வதைக் குறைக்கும் தண்டு) லிங்கையும் கழற்றி, மெல்ல இறக்கினால் கொயில் கையோடு வரும். பிரேக் ஹோசும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் ஒரு ஆள் பார்க்கவேண்டும். கீழ்ப் போல்ட் புஷ்சோடு ஒட்டிப்போயிருந்தால் சுத்தியலால் மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் வெட்டுவதே மேல், அச்சிலுள்ள பிடிப்பு வளைந்தால் பெரிய வேலை.

முன்பக்கம் ரோர்ஷன் பார். சரிசெய்யும் போல்டில் எத்தனை மில்லிமீற்றர் மரை வெளியே நிற்கிறது என்று அளந்துவிட்டு, முழுதாக இளக்கிய பிறகே பாரை இழுங்கோ. புதுப் பாரின் முனையில் இடம், வலம் குறி அடித்திருக்கும். மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் முறுகி விரைவில் தளர்ந்துவிடும். பார் முனையிலுள்ள பற்கள் (ஸ்பிளைன்) ஒரு பல் தள்ளி ஏறினாலும் உயரம் கண்ணுக்குத் தெரியும் அளவு மாறும், அதைப் போல்டால் சமாளிக்க முடியாமல் திரும்பக் கழற்ற வேண்டி வரும். போல்டை முறுக்கும்போது சக்கரம் தொங்கவேண்டும், பாரத்தோடு முறுக்கினால் மரை உரியும்.

சொக்கின் கீழ்க் கண் போல்டை வாகனம் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கோ. தொங்கும்போது இறுக்கினால் றபர் எப்போதும் முறுகியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும்.

மின்பக்கம்: பம்பின் ஃபியூசையும் ரிலேயையும் எடுக்காவிட்டால் அது வெறும் குழாய்க்கு ஓயில் தள்ளப் பார்க்கும். கழற்றிய வயர் சொக்கற்றுகளுக்குக் கிறீஸ் பூசி, நாடா சுற்றுங்கோ. திறந்த குழாய் வாய்களை அடைத்து விடுங்கோ.

முடித்தவுடன் அலைன்மென்ற் தேவைதான், ஆனால் புதுப் பார் கொஞ்சம் படியும். 500 கிலோமீற்றர் ஓடி, உயரத்தைத் திரும்பச் சரிபார்த்து, பிறகு இறுதி அலைன்மென்ற் செய்யுங்கோ. இல்லாவிட்டால் இரண்டு தரம் காசு கொடுப்பீர்கள்.

உவர்மலை_ஸ்பனர்
ஒன்று விட்டுப்போச்சு. சில 100களில் பின் அச்சோடு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் அது "பாரம் இல்லை" என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைக்கும். உங்களதில் இருந்தால் அந்தக் கம்பியையும் சரிப்படுத்தச் சொல்லுங்கோ.

நிலாவெளி_படகு
நன்றி இருவருக்கும். ட்ரெய்லர் கொழுவினால் இனித் தானாகச் சமப்படாதே. கொயிலைக் கடினமானதாகப் போட்டால் சரிவருமா?

கந்தளாய்_4x4
வேண்டாம். 900 கிலோ ட்ரெய்லர் என்றால் கொக்கியில் விழும் பாரம் சரியாக ஏற்றினால் 90 கிலோ அளவுதான். அதற்காக 400 கிலோ நிரந்தரப் பாரக் கொயில் போட்டால் வெறும் வாகனம் ஏ6 வீதியில் ஆட்டுக்குட்டிபோல் துள்ளும். நடுத்தரக் கொயில் போட்டு, கொயிலுக்குள் வைக்கும் காற்றுப் பை 2 வாங்குங்கோ. வழக்கமாக 5 முதல் 35 பிஎஸ்ஐ. வெறுமையாக 5, ட்ரெய்லரோடு வாகனம் மட்டமாகும் வரை ஏற்றுங்கோ. இரண்டு பையையும் ஒரே குழாயில் ரீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு இணைக்கவேண்டாம், வளைவில் ஒரு பக்கக் காற்று மறுபக்கம் ஓடும், வாகனம் கூடச் சாயும்.

காற்றடிக்கும் வால்வைப் பின் பம்பரில் நீர் படாத உயரத்தில் வையுங்கோ. ட்ரெய்லரை உப்புத் தண்ணீரில் இறக்கிய அன்றே கொயில் இருக்கைகளையும் சொக்கின் கீழ்ப் பிடிப்பையும் நன்னீரால் கழுவுங்கோ. கொயிலுக்கும் பைக்கும் நடுவில் மணல் தங்கினால் பை உரசிப் பொத்தல் விழும்.